மங்கிய மண்டலங்களின் சுழற்சியும் பிரகாசமும்

தட்டு வடிவில் பரந்து, தன் மையத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு நக்ஷத்திர மண்டலத்தின் சுழற்சி வேகத்தை அறிந்துவிட்டால், அது மொத்தத்தில் எவ்வளவு ஒளியைப் பொழிகிறது என்பதையும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது, வான விஞ்ஞானம் கடந்த அரை நூற்றாண்டில் கண்டறிந்த உண்மைகளுள் மிக எளிமையானதும், அதே சமயத்தில் காரணம் முற்றிலும் விளங்காததுமான ஒன்று. இந்தச் சம்பந்தம் முதலில் புலப்பட்டது எளிதில் காணக்கூடிய பிரகாசமான மண்டலங்களில். பிரகாசமானவற்றுக்குப் பொருந்துகிற நியதி மங்கியவற்றுக்கும் பொருந்துமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு சிறிய சரிபார்ப்பு வேலையாகவே தோன்றும். ஆனால் அந்த வேலையில் இறங்கியவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது மற்றொன்று. நியதி உடைந்துபோயிருந்தால் அதற்குக் காரணம் சொல்ல ஆயத்தமாக ஒரு வாதம் இருந்தது. உடையாமல் நின்றதற்குத்தான் காரணம் சொல்ல முடியவில்லை. மங்கிய மண்டலங்களே இந்த நியதியின் உண்மைப் பொருளை வெளிக்கொணர்ந்தன என்பதும், அந்தப் பொருள் அடிப்படையில் ஒளியைப் பற்றியதன்று என்பதும் இக்கட்டுரையில் நான் எடுத்துரைக்க விரும்புவது.

ஒரு மண்டலம் சுழல்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது 1914-இல். அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர், கன்னி ராசியில் ஏறக்குறைய விளிம்பை நமக்குக் காட்டி நிற்கும் சாம்ப்ரெரோ மண்டலத்தின் நிறமாலையைப் பதிவு செய்தபோது, அதன் கோடுகள் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதைக் கவனித்தார். மையத்தை நோக்க ஒரு பக்கம் நம்மை நெருங்குவதாலும் மறுபக்கம் விலகுவதாலும் உண்டாகும் சாய்வு அது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மௌண்ட் வில்ஸன் வானாய்வகத்தில் ஃபிரான்ஸிஸ் பீஸ், ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் மையப் பகுதியை அதே முறையில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார். ஒரே தகட்டில் போதிய ஒளி விழுவதற்குப் பல இரவுகளைச் சேர்த்துச் சுமார் 80 மணி நேரம் தேவைப்பட்டது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு எஸ்தோனிய தேசத்து ஏர்ன்ஸ்ட் ஓப்பிக் 1922-இல் செய்த காரியம் போற்றத்தக்கது. சுழலும் வேகத்திலிருந்து மண்டலத்தின் நிறையை அநுமானிக்கலாம். இவ்வளவு நிறைக்கு இவ்வளவு ஒளி என்பது நம் அண்டைப் பிரதேசத்து நக்ஷத்திரங்களிலிருந்து தெரியும். ஆகவே மண்டலத்தின் உண்மைப் பிரகாசமும், அது நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதிலிருந்து அதன் தூரமும் கிடைத்துவிடும் என்று அவர் தர்க்கம் செய்தார். அவருக்குக் கிடைத்த விடை ஏறக்குறைய 15 லட்சம் ஒளியாண்டு. சில ஆண்டுகள் கழித்து எட்வின் ஹப்பிள், சீஃபெய்டு என்னும் துடிக்கும் நக்ஷத்திரங்களைக் கொண்டு கணித்துப் பெரும்புகழ் பெற்ற விடையோ சுமார் 9 லட்சம். இன்று ஒப்புக்கொள்ளப்படும் தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. உண்மைக்கு அருகில் சென்றவர் ஓப்பிக்தான் என்பதை இன்று நினைவுகூர்பவர் குறைவு. சுழற்சியும் பிரகாசமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்ற கருத்தின் வித்து அவருடைய அந்தச் சிறு கட்டுரையிலேயே இருக்கிறது.

அது ஒரு முறையாக உருப்பெறுவதற்கு மேலும் 55 ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்குக் காரணம் கருவிதான். நக்ஷத்திர ஒளியைக் கொண்டு வேகத்தை அளப்பது பெரும் பிரயாசை; அதுவும் மண்டலத்தின் பிரகாசமான உட்பகுதிக்கே இயலும். தனித்துத் திரியும் ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளிவிட வேண்டும் என்று ஹாலந்து தேசத்து வான் டி ஹுல்ஸ்ட் 1944-இல் கணித்துச் சொன்னதும், ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் 1951-இல் அந்த அலையைப் பிடித்துக் காட்டியதும் இந்நிலையை மாற்றின. தட்டு மண்டலங்களில் ஹைட்ரஜன் வாயு, நக்ஷத்திரங்கள் முடிந்துபோகும் எல்லையையும் தாண்டிப் பரந்து கிடக்கிறது. அதன் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறுபாதி நம்மை விட்டும் சுழல்வதால், 21 சென்டிமீட்டர் அலையின் ஒற்றைக் கோடு இருபுறமும் விரிந்து அகன்ற பட்டையாகிறது. அந்தப் பட்டையின் அகலம் சுழற்சி வேகத்தின் இரு மடங்கைக் காட்டும் என்று சொல்லலாம். ஆனால் மண்டலம் நமக்கு எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதை அறிந்து அதற்கேற்பத் திருத்த வேண்டும். விளிம்பைக் காட்டி நிற்கும் மண்டலத்தில் முழு வேகமும் தெரியும். முகத்தைக் காட்டி நிற்கும் மண்டலத்தில் ஒன்றுமே தெரியாது. சாய்வைப் பற்றிய இந்தச் சிறு நிபந்தனை பின்னால் பெரிய விவகாரமாக வளரப்போகிறது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1977-இல் பிரெண்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும், மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற இடத்து ரேடியோ தொலைநோக்கிகளின் துணையோடு, அருகிலுள்ள சுருள் மண்டலங்களின் பட்டை அகலத்தை அவற்றின் பிரகாசத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் ஒழுங்காக அமர்வதைக் காட்டினார்கள். அவர்களுடைய நோக்கம் தூரத்தை அளப்பது. கட்டுரையின் தலைப்பும் அதையே சொன்னது. பட்டையின் அகலத்துக்குத் தூரத்தோடு சம்பந்தமில்லை. எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் அலை தன் செய்தியை மாற்றுவதில்லை. ஆகவே அகலத்திலிருந்து உண்மைப் பிரகாசத்தையும், அதிலிருந்து தூரத்தையும் பெறலாம். பிரபஞ்சம் விரியும் விகிதத்தைக் குறிக்கும் ஹப்பிள் எண், இம்முறையில் அவர்களுக்கு 80 என்று கிடைத்தது. அந்நாளில் சாண்டேஜ், டம்மன் முதலியோர் அது 50-ஐ ஒட்டியது என்று உறுதியாக நம்பியிருந்தமையால் நீண்டதொரு வாதம் தொடங்கிற்று. அதன் வரலாறு இங்கே நமக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது, தூரம் அளப்போர் கையில் ஓர் அளவுகோலாக மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கோட்டின் சரிவு. நீல ஒளியில் பார்த்தால் பிரகாசம் வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. 1979-இல் ஆரன்ஸன், ஹக்ரா, மோல்ட் ஆகிய மூவரும் தூசியால் மறையாத அகச்சிவப்பு ஒளியில் அளந்தபோது அது நான்காம் அடுக்கை நெருங்கிற்று. அதாவது ஒரு மண்டலம் மற்றொன்றைக் காட்டிலும் இரு மடங்கு வேகமாகச் சுழன்றால், அது பதினாறு மடங்கு பிரகாசமாக இருக்கும்.

ஏன் நான்காம் அடுக்கு? இதற்கு ஒரு விளக்கம் உடனே கிடைத்தது, அழகாகவும் இருந்தது. நியூட்டனின் விதிப்படி, வட்டப் பாதையில் சுழலும் பொருளின் வேகத்தின் வர்க்கம், அப்பாதைக்குள் அடங்கிய நிறையை அதன் ஆரத்தால் வகுத்த ஈவுக்கு விகிதசமமாக இருக்கும். இதை மறுபடி வர்க்கப்படுத்தினால், வேகத்தின் நான்காம் அடுக்கு, மொத்த நிறையையும், அந்த நிறை ஒரு சதுர அலகுப் பரப்பில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதையும் பெருக்கிய தொகைக்கு விகிதசமமாகிறது. எல்லா மண்டலங்களிலும் செறிவு ஒன்றே என்று கொண்டால், வேகத்தின் நான்காம் அடுக்கும் நிறையும் நேராக ஒத்துப்போகும். நிறைக்கேற்ற ஒளி என்று வைத்துக்கொண்டால் டல்லி–ஃபிஷர் தொடர்பு தானே பிறந்துவிடும். செறிவு ஒன்றே என்பதற்கு ஆதாரமும் கையில் இருந்தது. ஆஸ்திரேலிய வானியலார் கென் ஃப்ரீமன் 1970-இல் 36 மண்டலங்களை ஆராய்ந்து, அவற்றுள் 28-இன் தட்டுகள் மையத்தில் ஏறக்குறைய ஒரே பரப்புப் பிரகாசம் உடையவை, அதாவது வானத்தின் ஒரு சதுர விகலைக்கு 21.65 ஒளித்தரம் உடையவை என்று கண்டிருந்தார். (ஒளித்தரத்தின் எண் ஒன்று கூடினால் ஒளி இரண்டரை மடங்கு மங்கும் என்பது வழக்கு.) இயற்கை எல்லாத் தட்டுகளையும் ஒரே செறிவில் வார்க்கிறது, ஆகையால் சுழற்சியும் பிரகாசமும் பிணைந்திருக்கின்றன. கணக்கு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

இந்த நிம்மதியைக் குலைத்தவர் மைக் டிஸ்னி. 1976-இல் அவர் எழுப்பிய ஆக்ஷேபம் மிக எளிது: மங்கியவை இல்லாமையால் நாம் காணவில்லையா, அல்லது காண முடியாமையால் இல்லை என்கிறோமா? நிலவற்ற இரவிலும் ஆகாயம் முற்றிலும் இருண்டதன்று; ஒரு சதுர விகலைக்கு 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட ஒளித்தரமுள்ள மெல்லிய ஒளி அதில் எப்போதும் பரவியிருக்கிறது. அந்த ஒளியைக் காட்டிலும் மங்கிய தட்டு புகைப்படத் தகட்டில் பதியாமலே போய்விடும். மிகவும் செறிந்த மண்டலமோ ஒற்றை நக்ஷத்திரம் என்று தள்ளப்பட்டுவிடும். இடையில் உள்ள ஒரு குறுகிய வரம்புக்குள் அமைந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே மாதிரி என்று தீர்மானிப்பது பிரமாணமாகாது என்றார். இந்த ஆக்ஷேபத்துக்கு உரிய மரியாதை கிடைக்கப் பத்தாண்டுகளாயின. 1987-இல், கன்னி ராசித் தொகுதியில் மங்கிய சிறு மண்டலங்களைத் தேடிக்கொண்டிருந்த போதுன், இம்பே, மாலின், மோல்ட் ஆகியோர், மெல்லிய ஒளியைப் பெருக்கிக் காட்டுவதில் நிகரற்றவரான டேவிட் மாலினின் புகைப்பட முறையால், அத்தொகுதிக்கும் வெகு தொலைவில், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், நம் பால்வீதியைக் காட்டிலும் பல மடங்கு அகன்ற ஒரு மண்டலத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மாலின் 1 என்று பெயர் பெற்ற அதன் தட்டின் மையம் வானத்து ஒளியைக் காட்டிலும் மங்கியது. அத்தனை பெரிய பொருள் அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதன்பின் ஷோம்பர்ட், போதுன் முதலியோர் பாலோமர் வானாய்வகத்தின் புதிய வானப் பதிவுத் தகடுகளை விரல் விரலாகத் துழாவி இத்தகைய மங்கிய மண்டலங்களின் பட்டியல்களைத் தொகுத்தார்கள்.

அவற்றின் இயல்பும் தனித்தது. அழிந்துகொண்டிருக்கும் மண்டலங்களாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு மாறாக, அவை பெரும்பாலும் நீல நிறம் கொண்டவை, வாயு மிகுந்தவை, ஹீலியத்துக்கு மேற்பட்ட மூலகங்கள் குறைந்தவை. அவற்றின் வாயு மெலிந்து பரந்திருப்பதால் நக்ஷத்திரங்களாகத் திரள்வது மந்தகதியில் நடக்கிறது. அவை முடிந்துபோனவை அல்ல. இன்னும் தங்கள் வாயுவைச் செலவழிக்காதவை.

இவை கைக்கு வந்தபின் கேள்வி கூர்மையாயிற்று. செறிவு ஒன்றே என்ற ஆதாரம் சரிந்துவிட்டது. அப்படியானால் அதன்மேல் கட்டிய தொடர்பும் சரிய வேண்டும். ஒரே அளவு நெல்லை ஒரு மூலையில் குவித்து வைப்பதற்கும் களம் முழுவதும் மெல்லிசாகப் பரப்பி வைப்பதற்கும் உள்ள வேற்றுமை, செறிந்த மண்டலத்துக்கும் மங்கிய மண்டலத்துக்கும் உண்டு. மொத்த ஒளி ஒன்றாக இருக்கலாம், விரிவு வேறு. விரிந்த நிறை மெதுவாகச் சுழல வேண்டும் என்பது நியூட்டன் கணக்கு. மங்கியதன் பரப்புப் பிரகாசம் செறிந்ததன் பதினாறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதன் ஆரம் நான்கு மடங்கு. ஆகவே அதன் வேகம் பாதியாக வேண்டும். ஒரே வேகமுள்ள இரு மண்டலங்களை ஒப்பிட்டாலோ, மங்கியது டல்லி–ஃபிஷர் கோட்டிலிருந்து மூன்று ஒளித்தரம் விலகி நிற்க வேண்டும். இது சிறு விலகலன்று. அளவீட்டுப் பிழையில் மறைந்துபோகக் கூடியதுமன்று.

1995-இல் ஸ்வான், வான் டெர் ஹுல்ஸ்ட், டி பிளாக், மெக்கௌ ஆகிய நால்வர் மங்கிய மண்டலங்களின் பட்டை அகலத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் இட்டபோது, அவை செறிந்த மண்டலங்களின் கோட்டின் மேலேயே விழுந்தன. எதிர்பார்த்த விலகல் இல்லை. அதே ஆண்டில் வேறொரு குழுவினர் தனியே செய்த ஆய்விலும், சிதறல் சற்று அதிகமாக இருந்ததே தவிர, கோடு இடம் பெயரவில்லை. அடுத்த ஆண்டில் டி பிளாக், மெக்கௌ இருவரும் இதை இன்னும் தெளிவாக விளக்க இரு மண்டலங்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். என்ஜிசி 2403 செறிந்தது. யுஜிசி 128 மங்கியது. மொத்தப் பிரகாசம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. பின்னதன் தட்டு முன்னதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிந்தது. ஆனால் இரண்டின் வெளிப்புறங்களும் வினாடிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வேற்றுமை உட்புறத்தில் மட்டுமே: செறிந்ததில் வேகம் மையத்திலிருந்து விரைவாக ஏறி உச்சத்தை அடைகிறது; மங்கியதில் மெல்ல மெல்ல ஏறி, வெகு தொலைவு சென்றபின் அதே உச்சத்தை எட்டுகிறது. இந்த இரட்டை உதாரணத்தை நான் இத்துறையின் மிக முக்கியமான ஒற்றைச் சான்றாகக் கருதுகிறேன். மண்டலத்தின் இறுதி வேகத்தை நிர்ணயிப்பது அதன் மொத்தம், விரிவு அன்று. விரிவு நிர்ணயிப்பது அந்த வேகத்தை எட்டும் வழியை மட்டும்.

கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஒன்று எல்லா மண்டலங்களையும் சூழ்ந்திருக்கிறது என்பது அதற்குள் பொதுவாக ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. தட்டின் ஒளி மங்கி மறையும் இடத்திலும் சுழற்சி வேகம் குறையாமல் சமமாகச் செல்வதை வேரா ரூபினும் கெண்ட் ஃபோர்டும் நக்ஷத்திர மண்டலங்களின் நிறமாலையிலும், ஆல்பர்ட் போஸ்மா வாயுவின் ரேடியோ அலையிலும் எழுபதுகளில் நிலைநாட்டியிருந்தார்கள். ஆகவே மங்கிய மண்டலங்களின் புதிருக்கும், "அவற்றில் கரும்பொருள் அதிகம்" என்று விடை சொல்லிவிடலாம், சொன்னார்கள். ஆனால் இந்த விடை எவ்வளவு விலை கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். செறிவு குறைந்த அளவுக்கு ஏற்ப, நிறைக்கும் ஒளிக்கும் உள்ள விகிதம் மிகச் சரியாகக் கூடிக்கொண்டே வந்தாலன்றி மண்டலங்கள் ஒரே கோட்டில் நில்லா. நக்ஷத்திரங்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் கரும்பொருள் முன்கூட்டியே அறிந்து தன் பங்கை அளந்து சேர்த்ததுபோன்ற ஒத்திசைவு அது. தற்செயலால் ஒரு மண்டலத்தில் நேரலாம்; எல்லாவற்றிலும் நேர்வதற்கு ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும்.

இனி, இன்னும் மங்கிய, இன்னும் சிறிய மண்டலங்களுக்குச் செல்வோம். வினாடிக்கு 90 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுழலும் மண்டலங்களில் ஒரு மாறுதல் தெரிகிறது: அவை உண்மையிலேயே கோட்டை விட்டு இறங்குகின்றன. அவற்றின் வேகத்துக்கு இருக்கவேண்டிய ஒளி இல்லை. நியதி இங்கேதான் முடிகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இத்தகைய மண்டலங்களில் சாதாரணப் பொருளின் பெரும்பகுதி இன்னும் வாயுவாகவே இருக்கிறது. டிடிஓ 154 என்ற அருகாமை மண்டலத்தில் நக்ஷத்திரங்களைப் போல் பல மடங்கு வாயு உண்டு. ஒளியைக் கணக்கிட்டவர்கள் இந்த வாயுவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2000-இல் மெக்கௌ, ஷோம்பர்ட், போதுன், டி பிளாக் ஆகியோர் நக்ஷத்திரங்களின் நிறையோடு வாயுவின் நிறையையும் கூட்டி, ஒளியின் இடத்தில் அந்த மொத்தத்தை வைத்துப் பார்த்தார்கள். கீழே இறங்கியிருந்த சிறு மண்டலங்கள் அத்தனையும் மேலேறிப் பழைய கோட்டிலேயே வந்து சேர்ந்தன. கோடு வளையவில்லை, நாம்தான் பாதிப் பொருளை எண்ணாமல் விட்டிருந்தோம். டல்லியும் ஃபிஷரும் கண்ட தொடர்பு இதன் ஒரு நிழலே. பெரிய மண்டலங்களில் சாதாரணப் பொருளெல்லாம் பெரும்பாலும் நக்ஷத்திரமாகிவிட்டபடியால் ஒளி நிறைக்குப் பிரதிநிதியாக நின்றது, அவ்வளவே. பரியான் என்று பௌதிக நூலார் சொல்லும் சாதாரணப் பொருளின் மொத்த நிறைதான் சுழற்சியோடு பிணைந்தது என்பதால், இதற்குப் பரியானிய டல்லி–ஃபிஷர் தொடர்பு என்று பெயரிட்டார்கள்.

இந்தத் தொடர்பின் அளவை எண்ணில் சொன்னால் விளங்கும். வினாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் மண்டலத்தில் சுமார் 470 கோடி சூரியன்களின் நிறையுள்ள சாதாரணப் பொருள் இருக்கும். 50 கிலோமீட்டரானால் அதன் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 29 கோடி. 200 கிலோமீட்டரானால் பதினாறு மடங்கு, ஏறக்குறைய 7,500 கோடி. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. இவ்வளவு ஒளிக்கு இவ்வளவு நக்ஷத்திர நிறை என்று மாற்றிச் சொல்வதில் எப்போதும் ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயுவின் நிறையோ 21 சென்டிமீட்டர் அலையின் வலிமையிலிருந்து நேரே கிடைத்துவிடும். ஆகவே வாயுவே மேலோங்கிய மங்கிய மண்டலங்கள் இந்தத் தொடர்பை அளப்பதற்குப் பிரகாசமானவற்றைக் காட்டிலும் நம்பகமானவை. 2011-இல் மெக்கௌ இத்தகைய 47 மண்டலங்களை மட்டும் தனியே எடுத்து அளந்தபோது, சரிவு நான்காம் அடுக்காகவே நின்றது. ஒரு காலத்தில் காணவும் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட மண்டலங்கள், இப்போது அளவுகோலைச் சரிபார்க்கும் அளவுகோல் ஆயின.

இந்த வேலையில் பாரத தேசத்துக்கும் ஓர் உயரிய பங்கு உண்டு. உதகமண்டலத்தில் ரேடியோ தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புனேயை அடுத்த நாராயண்காவ் பிரதேசத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கினார். ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் ஆகியோர் ரஷ்ய வானியலார் கராச்செந்த்செவோடு சேர்ந்து, அத்தொலைநோக்கியால் 65 மிக மங்கிய ஒழுங்கற்ற மண்டலங்களை ஆராயும் திட்டமொன்றை மேற்கொண்டு 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவ்வளவு சிறிய மண்டலங்களில் எழும் இடையூறு வேறு வகையானது. காமிலோபார்டாலிஸ் பி போன்ற குள்ள மண்டலத்தில், ஒழுங்கான சுழற்சியின் வேகமும் வாயுவின் கட்டுக்கடங்காத அலைச்சலின் வேகமும் ஒன்றுக்கொன்று ஒப்பானவை. வாயுவின் அழுத்தமே ஈர்ப்பின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்பதால், கண்ட சுழற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருத்திக் கொள்ள வேண்டும். திருத்தியபின் இவையும் கோட்டின் அருகிலேயே அமைகின்றன. ஆனால் சிதறல் பெரிய மண்டலங்களில் உள்ளதைவிட அதிகம். என்ஜிசி 3741 என்ற மண்டலத்தில் வாயுத்தட்டு நக்ஷத்திரத் தட்டைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் விரிந்திருப்பதையும் இவர்களே கண்டறிந்தார்கள். சுழற்சியை அத்தனை தொலைவு தொடர்ந்து அளக்க முடிந்த மண்டலங்கள் மிகச் சில. 2013-இல் அரெசிபோ தொலைநோக்கியின் தேடலில் அகப்பட்ட லியோ பி என்ற சிற்றுரு, வினாடிக்கு 15 கிலோமீட்டர் அளவில் சுழல்கிறது. அதுவும் அதே கோட்டின் நீட்சியிலேயே நிற்கிறது.

2016-இல் லெல்லி, மெக்கௌ, ஷோம்பர்ட் ஆகியோர் 175 மண்டலங்களின் சுழற்சி வரைபடங்களையும், ஸ்பிட்ஸர் விண்தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த ஒளிப்பதிவுகளையும் ஒருங்கே தொகுத்து, ஸ்பார்க் என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அந்தத் தொகுப்பில், அளவீட்டுப் பிழைகளைக் கழித்தபின் எஞ்சும் பரியானியத் தொடர்பின் சிதறல், நிறையில் நூற்றுக்குச் சுமார் 25 அளவே. அதற்கு மேலும் ஒரு விசேஷம்: ஒரு மண்டலம் கோட்டிலிருந்து சிறிது விலகியிருந்தால், அந்த விலகலுக்கும் மண்டலத்தின் அளவுக்கோ பரப்புப் பிரகாசத்துக்கோ எவ்விதச் சம்பந்தமும் தென்படவில்லை. 1995-இல் சிலவற்றில் கண்டது 2016-இல் எல்லாவற்றிலும் உறுதியாயிற்று.

காரணத்தைப் பற்றி இரு கட்சிகள் இருக்கின்றன. முதற்கட்சி கரும்பொருளை நம்புவது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே சாதாரணப் பொருள் என்பது பிரபஞ்சமெங்கும் நிறைந்திருக்கும் பின்னணி ரேடியோ அலைகளிலிருந்து உறுதிப்பட்ட கணக்கு. கரும்பொருளின் கோளங்களில் நிறை வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறும். சாதாரணப் பொருள் எல்லாக் கோளங்களிலும் ஒரே விகிதத்தில் தங்கியிருந்தால் அதுவும் மூன்றாம் அடுக்கிலேயே ஏற வேண்டும். காண்பது நான்காம் அடுக்கு. ஆகவே சிறிய கோளங்கள் தங்களுக்கு உரிய பங்கில் மிகச் சிறு பகுதியையே வைத்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். வெடிக்கும் நக்ஷத்திரங்களின் வேகம், பலவீனமான ஈர்ப்புடைய சிறு மண்டலங்களிலிருந்து வாயுவை எளிதில் வெளியே தள்ளிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது நியாயமான காரணமே. மங்கிய மண்டலங்களின் பரப்புக்கும் இக்கட்சியில் விளக்கம் உண்டு: சுழல் உந்தம் மிகுந்து பிறந்த கோளத்தில் வாயு மையத்துக்குச் சுருங்காமல் விரிந்த தட்டாக அமைகிறது என்று டால்கான்டன், ஸ்பெர்கல், சம்மர்ஸ் ஆகியோர் 1997-இல் விளக்கினார்கள். கணினியில் பிரபஞ்சத்தை உருவாக்கிப் பார்ப்போர் இன்று ஏறக்குறையச் சரியான கோட்டைப் பெறுகிறார்கள். எனினும் வெடிப்பும் வெளியேற்றமும் ஒழுங்கற்ற நிகழ்ச்சிகள். அவற்றிலிருந்து இவ்வளவு ஒழுங்கான, சிதறல் குறைந்த கோடு பிறப்பதை நான் இன்னும் திருப்தியாக விளங்கிக்கொள்ள இயலாதவனாகவே இருக்கிறேன்.

இரண்டாம் கட்சி, இஸ்ரேல் தேசத்து மோர்டெஹாய் மில்க்ரோம் 1983-இல் முன்வைத்தது. முடுக்கம் மிகமிகச் சிறிதாகும்போது, அதாவது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்குக்குக் கீழே செல்லும்போது, நியூட்டனின் விதியே மாறிவிடுகிறது என்பது அவர் வாதம். அந்த மாறுதலின் நேர் விளைவாக, வேகத்தின் நான்காம் அடுக்கு சாதாரண நிறைக்கு விகிதசமமாகும். விரிவுக்கு அதில் இடமே இல்லை. மங்கிய மண்டலங்கள் அதே கோட்டில் நிற்கும் என்பதை, அவற்றை எவரும் அளப்பதற்கு முன்பே, அவர் எழுதிவைத்தார் என்பதை அவருடைய கட்சியை ஏற்காதவரும் மறுப்பதற்கில்லை. முன்கூட்டிச் சொல்லிப் பலித்த வாக்குக்கு விஞ்ஞானத்தில் உள்ள மதிப்பு பெரிது. ஆனால் மண்டலங்களின் பெருங்கூட்டங்களில் இந்த விதி போதவில்லை. அங்கே இன்னும் ஏறக்குறைய இரு மடங்கு நிறை வேண்டியிருக்கிறது. பின்னணி ரேடியோ அலைகளின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைக் கரும்பொருள் விளக்குவதுபோல் இது இயல்பாக விளக்குவதுமில்லை. தட்டு மண்டலங்களில் ஒன்றும், பிரபஞ்சம் முழுவதிலும் மற்றொன்றும் வெற்றி பெறுவதால், இரண்டில் ஒன்றை முற்றிலும் தள்ளிவிடும் துணிவு எனக்கு இல்லை.

தீர்ப்புக்கு உதவக்கூடியவை விதிவிலக்குகள். 2015-இல் வான் டாக்கும் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் டிராகன்ஃபிளை என்ற கருவியால் கோமா தொகுதியில் 47 அதிபரந்த மண்டலங்களைக் கண்டறிந்தபின், அதே ஜாதியில் வாயு மிகுந்து தனித்திருப்பவற்றை வேறொரு குழுவினர் அரெசிபோவின் தேடல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அவற்றுள் சிலவற்றை மான்செரா பினாவும் அவர் குழுவினரும் 2019 முதல் அளந்தபோது, பரியானியத் தொடர்பு கேட்பதைவிட மிக மெதுவாக அவை சுழல்வதாகத் தெரிந்தது. ஏஜிசி 114905 என்ற மண்டலம் இதில் முதன்மையானது. அதன் சாதாரண நிறை சுமார் 140 கோடி சூரியன்; கோட்டின்படி வினாடிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிச் சுழல வேண்டும்; அளந்ததோ 23. இது உண்மையானால் மில்க்ரோமின் விதிக்கு அடி. கரும்பொருள் கட்சிக்கும் சங்கடமே, ஏனெனில் அந்த மண்டலத்தில் கரும்பொருளுக்கு இடமே குறைவாக இருக்கிறது.

இங்கேதான் முன்பு சொன்ன சாய்வு விவகாரம் தலைதூக்குகிறது. 23 என்ற விடை, மண்டலம் 32 பாகை சாய்ந்திருப்பதாகக் கொண்டு பெற்றது. சாய்வு உண்மையில் 11 பாகையை ஒட்டி இருந்தால் அதே மண்டலம் கோட்டின் மேல் வந்து அமர்ந்துவிடும். முகத்தைக் காட்டி நிற்கும் மண்டலங்களில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். 25 பாகை என்று நினைத்தது 20 பாகையாக இருந்தால் வேகம் நாலில் ஒரு பங்கு மாறும், நான்காம் அடுக்கில் அது இரு மடங்குக்கும் மேலாகும். செல்வுட், சாண்டர்ஸ் என்ற இருவர், கரும்பொருளின் தாங்கல் இன்றி இந்தத் தட்டு இத்தனை அமைதியாக நிலைத்திருக்க இயலாது என்று கணித்து, சாய்வில்தான் தவறு இருக்க வேண்டும் என்றனர். அளந்தவர்களோ வாயுத்தட்டின் வடிவமே தங்கள் எண்ணை ஆதரிக்கிறது என்கின்றனர். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. விளிம்பைக் காட்டி நிற்கும் தட்டில் நம் பார்வைக்கோடு நீளமாக ஊடுருவிச் செல்வதால் ஒளி செறிந்து தோன்றும். முகத்தைக் காட்டி நிற்பதே மிகவும் மங்கித் தோன்றும். ஆகவே மிக மங்கியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால், முகம் காட்டுபவை, அதாவது சாய்வு அளக்கக் கடினமானவை, அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். இந்தக் குறையைப் போக்க வேண்டுமானால், ஒளியின் தோற்றத்தைக் கருதாமல் ஹைட்ரஜன் அலையைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுத்த பெருந்தொகுதி ஒன்றில், விளிம்பு காட்டும் மண்டலங்களை முதலில் வைத்து இந்த அளவீட்டைத் திரும்பச் செய்தாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியப் பாலையில் ஆஸ்கேப் கருவியின் வாலபி திட்டமும், தென்னாப்பிரிக்காவின் கரூ பிரதேசத்து மீர்காட் தொலைநோக்கியும் அதற்கு வேண்டிய பதிவுகளை இப்போது சேகரித்து வருகின்றன.